தாய்வீட்டு முகவரி

ஜூன் 2

வன்னியோடை சுகாதார நிலையத்தின் பிரசவ அறைக்கு இன்று பூட்டுப் போட்டாயிற்று. என் கையாலேயே போட்டேன். மருந்தாளுநர் தர்மக்கண்ணுக்கு மனசே இல்லை. "பூட்டு எதுக்கு மேடம்? சும்மா சாத்தி வச்சாப் பத்தாதா?" என்றார். பத்தாது. திறந்து கிடந்தால் 'இந்த ஒண்ண மட்டும் பாத்துருங்க' என்று ஒருவர் வந்து நிற்பார், அவரைத் தொடர்ந்து இன்னொருவர் வருவார், நான் மூன்று வருடம் மல்லுக்கட்டி வாங்கிய சீர்திருத்தம் ஒரு மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிடும். சாவியை எழுவனூர் வட்டார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மூன்று வருடம் ஏன் மல்லுக்கட்டினேன் என்பதை எனக்காகவே எழுதி வைக்கிறேன். இந்த வட்டாரத்தில் எழுவனூர் போக ஐந்து சுகாதார நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நர்ஸ், ஒரு மேஜை, ஒரு டார்ச் லைட். போன வருடம் வன்னியோடையில் அமலோற்பவம் சிஸ்டர், ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணின் வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பிழைத்தது தெய்வச் செயல். தெய்வச் செயலை நம்பி வட்டாரம் நடத்த முடியாது என்று மேலிடத்துக்கு எழுதினேன். வட்டார மருத்துவ அலுவலர் என்ற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன செய்வது?

இனி எல்லா நர்ஸுகளும் எழுவனூரில். ரத்தம் சேமிக்கும் பெட்டி, மயக்க மருந்து டாக்டர், தாய்மார்களுக்கென்றே தனி வண்டி. ரேஷன் கார்டு முகவரியை வைத்து ஒவ்வொரு கர்ப்பிணியும் கம்ப்யூட்டரில் இருப்பாள். நாள் நெருங்கினால் அவள் பெயருக்கு வண்டியும் கட்டிலும் அவள் வகை ரத்தமும் தயாராக இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் இவர் மாடி அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறார். மகள் குழலிக்கு ஐந்தாம் மாதம். ஒன்பதில் வளைகாப்பு முடித்து ஓசூரிலிருந்து கூட்டிவந்துவிட வேண்டும். இன்னும் எவ்வளவு நாள் கிடக்கிறது, அதற்குள் பழைய பேப்பர் கட்டுகளோடு தூசியில் புரள்கிறார் மனிதர்.

ஜூன் 20

அமலோற்பவம் இன்று சிரித்தாள். நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று. "மேடம், ட்யூட்டி முடிஞ்சா வீட்டுக்குப் போயி நெசமாவே தூங்குதேன். எங்க வீட்டுக்காரரு யாரு இந்தப் பொம்பளைன்னு பாக்குறாரு."

தச்சரிடம் கட்டில் கால் சரிபண்ணக் கொடுத்தது. வேப்பெண்ணெய் வாங்க வேண்டும்.

ஜூலை 1

முதல் மாதக் கணக்கு. எழுவனூரில் நடந்த பிரசவங்கள் எல்லாம் சுகம். ஒரு தாயைக்கூட வெளியே அனுப்பவில்லை. இரண்டு பேருக்கு ரத்தம் ஏற்றி, இரண்டு பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, பாத்ரூமில் போய்த் துடைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு எரிச்சல். பட்டியலில் ஜூன் மாதப் பேறு என்று இருந்தவர்களில் பாதிப் பேரைக் காணோம். வண்டி போய் வாசலில் நிற்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. டிரைவர் புலம்புகிறார். கிராம நர்ஸுகளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். எங்கே போய்த் தொலைந்தார்கள்?

"தாய்வீட்டுக்குப் போயிட்டாங்க மேடம். தலைப்பிரசவம்லா."

சரி, அவர்கள் போன ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நமக்குப் பாரம் குறைந்தது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

குழலி போன் பண்ணினாள். அங்கே மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாராம். ஆனாலும், "உன் கையால ரசஞ்சாதம் வேணும்மா" என்கிறாள். வாடி, வந்து தின்னு என்றேன்.

ஜூலை 9

தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூலை 24

வன்னியோடையில் முகாம். வெயில் மண்டையைப் பிளந்தது. பிரசவ அறைப் பூட்டு அப்படியே இருக்கிறது. வாசல்படியில் யாரோ சூடம் ஏற்றிய கரி. கோயில் என்று நினைத்துவிட்டார்களா என்று தர்மக்கண்ணைக் கேட்டேன். "இந்த ஊருல பாதிப் பேரு அந்த ரூமுக்குள்ளதான மேடம் பொறந்தது. நல்ல நாளுக்கு வந்து கும்பிட்டுட்டுப் போறாக" என்றார். நல்ல வேடிக்கை.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெண் வந்தாள். மாரிக்கனி என்று பெயர். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். முந்தின வாரம்தான் வளைகாப்பாம். புருஷனோடு வெளி மாவட்டத்தில் பனியன் கம்பெனி வேலை, பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். வாய் ஓயாத பெண்.

"நானும் இந்த ஆஸ்பத்திரியில பொறந்தவதான் டாக்டரம்மா. பூட்டிப் போட்டுட்டீகளாம்ல? எங்கம்மா உங்க மேல கோவமா இருக்கா."

"உங்கம்மா கோபத்தை நான் தாங்கிக்கிறேன். வலி வந்தா எழுவனூருக்கு வந்துரணும், என்ன?"

"வண்டி வருமாம்ல?"

அங்கேதான் சிக்கல். கம்ப்யூட்டரில் அவள் பெயர் புருஷன் ஊரில் இருக்கிறது. நம் பட்டியலில் சேர்க்கப் பார்த்தால் ஏற்கவில்லை, அங்கிருந்து விடுவித்தால்தான் இங்கே ஏறும். அந்த மாவட்டத்துக்கு நானே பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் வீக்கம், ரத்தம் கொஞ்சம் குறைவு. மாத்திரை கொடுத்தேன். போகும்போது வளையலைக் குலுக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

ஜூலை 25

காலையில் என்னவோ செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். அதற்குள் வெள்ளையடிக்கிறவர் வந்துவிட்டார். மாடி அறைக்கு இவர் இளம்பச்சை என்கிறார், நான் வெள்ளைதான் என்றேன். குழந்தை கண்ணுக்குப் பச்சை நல்லதாம். வங்கியில் கணக்கெழுதிய மனிதருக்குக் குழந்தைக் கண் பற்றி எப்போது தெரிந்ததோ. பச்சைதான் அடித்தது.

ஆகஸ்ட் 12

மாவட்டக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுவனூரைப் பார்க்கத் தலைநகரத்திலிருந்து குழு வருகிறது, செப்டம்பர் நாலாம் தேதி. நம் முறையை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகலாமா என்று பார்ப்பார்களாம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது இப்படி ஒன்று. இவரிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பட்டுச்சேலையக் கட்டு" என்றார். ஆஸ்பத்திரிக்கு யாராவது பட்டுக் கட்டுவார்களா?

ஆகஸ்ட் 27

திரைச்சீலை, பெயர்ப்பலகை, கழிவறைக் கதவு. நர்ஸுகளுக்குப் புதுச் சீருடை. எனக்கு முழங்கால் வலி. பஸ் ஸ்டாண்டில் முகூர்த்தநாள் கூட்டம், ஜீப் நகரவில்லை. வளைகாப்பு முடிந்து வருகிற பெண்கள் மூன்று நான்கு பேரை எண்ணினேன். அவரவர் அம்மாமார்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 4

குழு வந்தது. மாரிக்கனி இறந்துவிட்டாள்.

செப்டம்பர் 5

எழுதாமல் இருந்தால் தூங்க முடியாது போலிருக்கிறது.

மத்தியானம் சாப்பாடு முடிந்து குழுவை ரத்தப் பெட்டி முன்னால் நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஹாரன். காய்கறி ஏற்றுகிற குட்டி லாரி ஒன்று உள்ளே வந்தது. பின்னால் சாக்கு விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை. வளையலைப் பார்த்தேன்.

என் பிள்ளைகள் பறந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். அமலோற்பவம் லாரியின் மேலேயே ஏறிவிட்டாள். மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்தார். அவள் வகை ரத்தம் பெட்டியில் இருந்தது. எல்லாம் இருந்தது. கட்டில் இருந்தது, ஊசி இருந்தது, ஆறு நர்ஸ் நின்றார்கள். அவள் மட்டும்தான் இல்லை. வழியிலேயே போயிருந்தாள்.

குழந்தை, சண்முகத்தாய் மடியில் முந்தானைக்குள் அழுதுகொண்டிருந்தது. சண்முகத்தாய்தான் மாரிக்கனியைப் பெற்றவள். பெண் குழந்தை.

அமலோற்பவம் விலகவில்லை. வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தாள், போன வருடம் அழுத்தியது போல. "போதும் சிஸ்டர்" என்று நான் சொன்ன பிறகும் அழுத்தினாள். கையைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது.

குழுவின் தலைவர் கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "உங்கள் ஆட்களின் வேகம் பிரமாதம் டாக்டர்" என்றார். நல்ல மனிதர்தான். ஆறுதலுக்குச் சொன்னார்.

செப்டம்பர் 9

தாய் மரணம் நடந்தால் வட்டார அலுவலர் வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும், அது விதி. போனேன்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் வலி கண்டிருக்கிறது. தாய்மார் வண்டிக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். பெயர் பட்டியலில் இல்லை, பொது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று பதில். பொது ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருந்தது, வர நேரமாகும். ஆட்டோ பிடித்து வன்னியோடைக்கே ஓடியிருக்கிறார்கள். பக்கத்தில் தெரிந்த கதவு அதுதானே. அங்கே பூட்டு. அந்த நிலையத்து டாக்டரையும் நான் குழுவுக்காக எழுவனூருக்குக் கூப்பிட்டுவிட்டேன். சூடம் ஏற்றுகிற அந்த வாசல்படியில் குழந்தை பிறந்தது. தர்மக்கண் வேட்டியை அவிழ்த்து மறைப்புக் கட்டியிருக்கிறார். அதன் பிறகு ரத்தம். நிறுத்துகிற ஊசி அங்கே ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் எழுவனூருக்கு மாற்றச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். சந்தைக்குப் போன லாரியை மறித்து ஏற்றியிருக்கிறார்கள்.

தர்மக்கண் ஒரு செங்கல்லால் பூட்டை உடைக்கப் பார்த்தாராம். நல்ல பூட்டு. நானே கடையில் பார்த்து வாங்கியது.

சண்முகத்தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். சங்கில் பால் புகட்டிக்கொண்டே பேசினாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அதற்கெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"நாந்தாம்மா வாடின்னு கூப்புட்டேன்" என்றாள். "மருமகன் அங்கனயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, இருந்துக்கிடட்டும் அத்தைன்னாரு. நாந்தான் கேக்கல. தலைப்பிள்ளையத் தாய்வீட்டுல பெறாம வேற எங்க போயிப் பெறுவான்னு சண்டை போட்டுக் கூட்டியாந்தேன். எம் மகள நானே கொண்டாந்து கொன்னுட்டேன்."

குழந்தையின் வாயோரத்தில் வழிந்த பாலை முந்தானையால் துடைத்தாள்.

"நீங்க அந்த ஊருக்குப் பேசுறேன்னு சொன்னீகளாம்ல. வந்து சந்தோசமாச் சொன்னா. டாக்டரம்மா நல்லவுக, நீதான் சும்மா ஏசுதன்னு என்னைய வஞ்சா."

நான் பேசவே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சண்முகத்தாயே எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வெயில்ல வந்திருக்கீகளே என்று. குடித்தேன்.

செப்டம்பர் 18

மாவட்ட ஆய்வுக் கூட்டம். என் மடியில் இருந்த பேப்பரில் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். பட்டியல், வண்டி, பூட்டு, ஊசி, நான் பேசாமல் விட்ட போன். இதில் யார் தவறு என்று கேட்டால் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. மாவட்ட அதிகாரி பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இறந்தவர் முகவரி வெளி மாவட்டம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போது இந்த மரணம் அவர்கள் கணக்கில் போகும். நம் வட்டாரத்தில் தாய் மரணம் இல்லை. அடுத்தது டெங்கு."

"சார், இதை இப்படி விட முடியாது" என்றேன். தாய்வீட்டுக்கு வருகிற பெண்கள் யாருமே நம் பட்டியலில் இல்லை, நாம் போட்ட திட்டத்தில் தலைப்பிரசவக்காரிகளே கிடையாது, முகவரியை வைத்துப் போட்டது என் முட்டாள்தனம் என்றேன். இந்த ஊரில் பிறந்து, நானே என் அம்மா வீட்டில் போய்ப் பெற்றவள், எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள்.

அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "டாக்டர், மாநிலமே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் இப்படிப் பேசலாமா? குறையை எழுதிக் கொடுங்கள், அனுப்பிவைக்கிறேன்."

செப்டம்பர் 29

எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வந்தது. பட்டியலில் மாற்றம் செய்வது மாநில அளவிலான மென்பொருள் வேலையாம், அடுத்த கட்டத்தில் பரிசீலிப்பார்களாம். அதுவரை வன்னியோடைக்கு ஒரு நர்ஸையும் ஊசியையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். அது ஒருங்கிணைப்பின் நோக்கத்துக்கே மாறானதாம். அந்த வாக்கியம் என்னுடையது. மூன்று வருடம் முன்னால் நான் அனுப்பிய திட்டத்திலிருந்தே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சாவியை எடுத்துக்கொண்டு போய் நானே வன்னியோடை அறையைத் திறந்தேன். உள்ளே மேஜைகூட இல்லை. சுவரில் மேஜை உரசிய தடம் மட்டும். திறந்து வைத்து என்ன செய்வது? ஆளில்லாத அறையைத் திறந்து வைத்தால் இன்னும் நாலு பேர் நம்பி ஓடி வருவார்கள். மறுபடி பூட்டினேன். தர்மக்கண் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்டோபர் 3

பேப்பரில் என் படம். தாய் மரணமே இல்லாத வட்டாரமாம். அடுத்த மாதத்திலிருந்து மாவட்டம் முழுக்க எழுவனூர் முறை, பயிற்சி கொடுக்கப் போவது நான்.

இவர் கத்தரித்து அலமாரியில் ஒட்டியிருந்தார். கிழித்துப் போட்டேன்.

அக்டோபர் 8

அமலோற்பவம் விருப்ப ஓய்வு கேட்டு வந்து நின்றாள். தூக்கம் வரவில்லையாம்.

அக்டோபர் 13

நேற்று ஓசூரில் குழலிக்கு வளைகாப்பு.

இவர் விடியற்காலையிலேயே காரில் இரண்டு தலையணையும் ஒரு போர்வையும் வைத்துவிட்டார், திரும்பி வரும்போது குழலி சாய்ந்துகொள்ள. வழியெல்லாம் டிரைவரிடம் பள்ளம் வந்தால் மெல்லப் போகச் சொல்லிப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தேன்.

முதல் வளையல் நான்தான் போட வேண்டும். குழலியின் கையை எடுத்தேன். உருண்டு திரண்டு, நன்றாக இருந்தது. போட்டேன். ஒவ்வொருத்தராக வந்து போட்டார்கள், முழங்கை வரை நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கிக் காட்டினாள். எனக்கு எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்து சம்பந்தியம்மா பெட்டியோடு வந்தார். "எல்லாம் கட்டியாச்சு, நல்ல நேரத்துல கிளம்பிடுங்க" என்றார். குழலியைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டேன்.

"நீ வர வேண்டாம்மா. இங்கேயே இரு. நான் லீவு போட்டு வந்து கூட இருக்கேன்."

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு முகம் மாறியது. "ஏம்மா? ரூமெல்லாம் பச்சை அடிச்சிருக்குன்னு அப்பா சொன்னாரே. உங்க ஊருலதான் எல்லாம் நல்லா இருக்குன்னு பேப்பர்லயே வந்துச்சே. உன் போட்டோவை எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேம்மா."

அவளிடம் என்ன சொல்வது? வர வேண்டாம் என்றது பயத்தினால் இல்லை. இவள் வந்தால் எல்லாம் நடக்கும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் வண்டி வரும். நடுச்சாமத்திலும் ஆறு நர்ஸும் நிற்பார்கள். கம்ப்யூட்டர் ஏற்காவிட்டால் நானே அந்த மாவட்டத்துக்குப் பேசிவிடுவேன், முதல் வேலையாக, மறக்காமல். வன்னியோடைப் பூட்டுகூடத் திறக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இதில் ஒரு வார்த்தையும் அவளிடம் சொல்லவில்லை. "எனக்கு அங்க வேலை ஜாஸ்தி" என்றேன்.

"அப்ப எனக்குத் தாய்வீடுன்னு எதுக்கும்மா?" என்று கேட்டாள். கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். போட்ட வளையலில் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. சம்பந்தியம்மா கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது இவர் முன்சீட்டில், நான் பின்னால். பஸ் ஸ்டாண்டில் ஜனம் மறித்துக்கொண்டு கார் நின்றது. ஒரு பெண் பஸ்ஸிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், கை நிறைய வளையல். அவள் அம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து பையை வாங்கினாள். எங்கிருந்து வருகிறாய், உன் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்று இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டு என்ன செய்வது?

கண்ணாடியை ஏற்றிவிட்டு, தலையணைகளை என் பக்கமிருந்து தள்ளி வைத்தேன்.